அத்தை வரைந்த மாப்பிள்ளை

எங்கள் மூன்று பேரில் யாருக்குக் காமிக்ஸ் பைத்தியம் முற்றியிருக்கிறது என்று கேட்டால், நானும் டயர் கடைக்காரரும் ஒரே நேரத்தில் லிஃப்ட்காரர் பக்கம் கையைக் காட்டுவோம். அவரும் மறுக்க மாட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டயர் கடையின் பின்னறையில், அடுக்கிவைத்த லாரி டயர்கள் மேல் உட்கார்ந்து, ரப்பர் வாடைக்கு நடுவே சித்திரக்கதைகளைப் பற்றிப் பேசித் தீர்ப்போம். மூன்று பேர் வயதையும் கூட்டினால் நூற்று நாற்பத்தொன்று வரும். வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள் என்று வீட்டில் 'ஒரு மீட்டிங்' என்று மட்டும் சொல்லிவிட்டு வருவோம்.

லிஃப்ட்காரர் பொறுப்பில் இருபத்தாறு கட்டடங்கள், நாற்பத்தொரு லிஃப்ட்டுகள். நாள் முழுக்கக் கிரீஸில் புழங்குகிற கை. அந்தக் கையோடு புத்தகத்தைத் தொடுவது அவர் சட்டத்தில் கொலைக் குற்றம். வேலை முடிந்து வந்ததும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காயவிட்டு, வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து புத்தகத்தைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குவார். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள், ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு உறைகள். மிஞ்சிய உறைகளை வீணாக்க மனம் வராமல் டிவி ரிமோட்டுக்கு ஒன்று, பிரிட்ஜ் வாங்கியபோது வந்த கேரண்டி அட்டைக்கு ஒன்று, மருந்துச் சீட்டுகளுக்கு இரண்டு என்று வீட்டையே உறைக்குள் போட்டுவைத்திருந்தார்.

புத்தகங்களுக்கென்று ஓர் அறை இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு அந்த அறைக்கு மாமியார் வந்து சேர்ந்தார்.

அவர் தனியாகக் குடியிருந்த வீட்டை உரிமையாளர் திரும்பக் கேட்டுவிட்டார். இரண்டு பெட்டியும் ஒரு மேசை விளக்குமாக மகள் வீட்டுக்கு வந்தார். பஸ் டிப்போவில் வேலை, ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் பாக்கி. வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல அளந்து பேசுகிறவர். மாப்பிள்ளையோ அதற்கும் மேல். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்துவிடக் கூடாது என்பதில் இருவருக்கும் அப்படி ஒரு போட்டி. புத்தக அலமாரிகளை வேறெங்கும் நகர்த்த இடமில்லாததால் அவை மாமியார் அறையிலேயே இருந்தன. லிஃப்ட்காரர் கதவைத் தட்டுவார். மாமியார் உடனே எழுந்து கூடத்துக்குப் போய்விடுவார். இவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் அவர் உள்ளே போவார். வாசலில் இருவரும் எதிர்ப்பட்டால் "நீங்க போங்க", "பரவால்ல, நீங்க" என்று இரண்டு நிமிடம் யாருமே போகாமல் நிற்பார்கள். மற்ற பேச்சுவார்த்தை முழுக்க நடுவில் நிற்கும் மனைவி வழியாகத்தான்.

"அத்தைக்கு ஃபேன் வேகம் போதுமான்னு கேளு."

"அம்மா, ஃபேன் வேகம் போதுமா?"

"மாப்பிள்ளைக்கு எது சௌகரியமோ அப்படியே வைக்கச் சொல்லு."

மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. டாக்டர்களின் கிறுக்கலை நாள் முழுக்கப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இந்த மொழிபெயர்ப்பு வேலை வேறு.

இப்போது எங்கள் மூவரின் பெரிய பிடிவாதத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வெப்காமிக்ஸ் என்றாலே ஆகாது. போனிலும் கணினியிலும் மட்டும் வெளிவருகிற படக்கதைகளைக் காமிக்ஸ் கணக்கிலேயே நாங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.

"விரலால தள்ளினா ஓடிப்போயிடுது. அதெல்லாம் படிப்பா?" என்பார் டயர் கடைக்காரர். "புத்தகம்னா ஒரு கனம் வேணும். படுத்துக்கிட்டுப் படிக்கும்போது தூக்கம் வந்து மூஞ்சியில விழுந்தா வலிக்கணும்."

என் காரணம் கணக்கு வாத்தியாருக்கே உரியது. வரிசை எண் போட்டு அலமாரியில் அடுக்கும்போது எழுபத்திரண்டுக்கும் எழுபத்து நாலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும் பாருங்கள், அந்த எழுபத்து மூன்றைத் தேடிப் பழைய புத்தகக் கடை கடையாக அலைவதில்தான் என் சுகம் இருந்தது. எல்லா அத்தியாயமும் எல்லோருக்கும் எப்போதும் கிடைக்கும் என்றால் எதைத் தேடுவது? யாரிடம் பெருமை அடிப்பது?

லிஃப்ட்காரர் சொன்னது இன்னும் கறார். "யார் வேணா வரையலாம், யார் வேணா போடலாம். வேண்டாம்னு சொல்ல அங்க ஒரு ஆள் இல்ல. தடுக்க ஆள் இல்லாத எடத்துல என்ன பெருசா வந்துடப் போவுது?"

நாங்கள் மூவரும் அதுவரை ஒரே ஒரு வெப்காமிக்ஸ்கூடப் படித்ததில்லை என்பதை இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

ஒரு புதன்கிழமை மதியம், டாக்டர்களின் கிளினிக்குகள் நிறைந்த ஏழு மாடிக் கட்டடத்திலிருந்து லிஃப்ட்காரருக்கு அழைப்பு வந்தது. நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டிருக்கிறார். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் மாட்டிக்கொண்டவர்களின் குரல்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. கத்துபவர்கள், அழுபவர்கள், கேஸ் போடுவேன் என்று மிரட்டுபவர்கள். மூன்றாவது மாடிக் கதவில் காதை வைத்துக் கேட்டவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே இருந்து விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். பயத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்று பதறிப்போனார்.

"அம்மா, பயப்படாதீங்க! அஞ்சு நிமிஷத்துல திறந்துடுவேன்!"

"அவசரமே இல்லீங்க," என்றது உள்ளிருந்து குரல். "பத்து நிமிஷம்கூட எடுத்துக்கோங்க. முடிக்கப் போறேன்."

"ஐயோ, எதை முடிக்கப் போறீங்க? அப்படியெல்லாம் எதுவும் பண்ணிடாதீங்க!"

"படிச்சுக்கிட்டு இருக்கேங்க!"

கதவு திறந்ததும் வெளியே வந்தவர் ஆறாவது மாடியில் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். கண்ணில் சிரித்த ஈரம். மாட்டிக்கொண்டதைப் பற்றி ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. போனைத் திருப்பிக் காட்டினார். 'உரியவர் வரவும்' என்று தலைப்பு. பழைய குடை என்ற புனைபெயரில் யாரோ வெள்ளிக்கிழமைதோறும் வரைகிற படக்கதை. ரயில் நிலையத்தில் பயணிகள் தவறவிட்ட பொருள்களை வைத்திருக்கும் கவுண்டர்தான் கதைக்களம். பெரிய காதுகள் உள்ள ஒரு குமாஸ்தாதான் நாயகன்.

"படிச்சுப் பாருங்க. உங்களுக்கும் பிடிக்கும்," என்று போகிற போக்கில் இணைப்பை இவர் போனுக்கு அனுப்பிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

லிஃப்ட்காரர் குறை கண்டுபிடிக்கலாம் என்றுதான் திறந்தார். அதை என்னிடம் பலமுறை சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கிரீஸ் அப்பிய கையோடு, சோப்பும் இல்லாமல் உறையும் இல்லாமல் படிக்க ஆரம்பித்தார்.

முதல் அத்தியாயத்தில் ஒருவர் தொலைந்துபோன பல்செட்டைக் கேட்டு வருகிறார். குமாஸ்தா நான்கு பல்செட்டுகளை எடுத்து மேசையில் வைத்து, எது உங்களுடையது என்கிறார். வந்தவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். ஒவ்வொன்றைப் போடும்போதும் அவர் பேசும் விதமே மாறுகிறது. மூன்றாவதைப் போட்டதும் கம்பீரமாகப் பேச வருகிறது. அது தன்னுடையது இல்லை என்று தெரிந்தும் கழற்ற மனமில்லாமல் நிற்கிறார். லிஃப்ட்காரருக்குச் சோறு புரையேறியது.

ஏழாவது அத்தியாயத்தில்தான் அவர் மொத்தமாக விழுந்தார். பாலத்தின் மேல் ரயில் போகும்போது ஒரு பெண்ணின் தொப்பி ஜன்னல் வழியே பறந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. அவர் கட்டைவிரலால் திரையைத் தள்ளுகிறார், தொப்பி விழுகிறது. வெறும் வெள்ளை. இன்னும் தள்ளுகிறார். ஒரு பறவை தொப்பியைத் திரும்பிப் பார்க்கிறது. மறுபடி வெள்ளை. தள்ளத் தள்ளத் தொப்பி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கடைசியில், கீழே ஆற்றில் படகில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு வழுக்கைத் தலையில் கச்சிதமாக உட்காருகிறது. அச்சுப் புத்தகத்தில் இதை ஒரே பக்கத்தில் முடித்துவிடுவார்கள். பக்கத்தைத் திருப்பியதுமே ஓரக்கண்ணில் வழுக்கைத் தலை தெரிந்துவிடும். இங்கே தொப்பியை இறக்குவதே இவர் விரல்தான். ஒரு பொருள் மேலிருந்து கீழே வர எவ்வளவு நேரம் எடுத்தால் வயிற்றில் ஜிவ்வென்று இருக்கும் என்பது லிஃப்ட்காரருக்குத் தொழில். வரைந்தவருக்கும் அது தெரிந்திருந்தது.

அன்று மாலை அவர் முப்பத்தாறு அத்தியாயங்களை முடித்திருந்தார். இரண்டு கட்டடங்களின் அழைப்பை எடுக்கவில்லை.

எங்களிடம் மூச்சுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வெப்காமிக்ஸைத் திட்டினார்; எங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திட்டினார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் புது அத்தியாயம் வந்ததும் எந்த லிஃப்ட்டில் எந்த வேலை இருந்தாலும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். படித்து முடித்ததும் கீழே பின்னூட்டம் எழுதுவார். முதன்முதலில் படித்த இடத்தை நினைத்து 'மூன்றாம் மாடி' என்று பெயர் வைத்துக்கொண்டார். பழக்க தோஷம், வெறும் பாராட்டு அவருக்கு வராது. "நாலாவது கட்டத்தில் பதில் முதலில் கண்ணில் படுகிறது, கேள்வி பிறகுதான் வருகிறது. பேச்சு பலூன்களை இடம் மாற்றவும்." அடுத்த வாரமே பலூன்கள் சரியாகியிருந்தன. "நன்றி, மூன்றாம் மாடி" என்று பழைய குடை பதிலும் எழுதியிருந்தார். முப்பது வருடமாகக் காமிக்ஸ் படிக்கிறார், பத்திரிகைகளுக்கு எத்தனையோ கடிதம் போட்டிருக்கிறார். வரைந்தவர் ஒருவர் பதில் எழுதியது அதுதான் முதல்முறை.

கதையில் உறைக்காரர் என்று ஒரு பாத்திரம் உண்டு. குமாஸ்தாவின் பக்கத்து வீட்டுக்காரர். தாடி, தொப்பை. எதைக் கண்டாலும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுவார். குடையை உறைக்குள் போட்டு வைத்திருப்பதால் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போவார். லிஃப்ட்காரருக்கு இந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "உறைக்காரரை இன்னும் கொஞ்சம் வாரலாம்," என்று பின்னூட்டம் எழுதினார். "இப்படிப்பட்ட ஆட்களை எனக்குத் தெரியும். கையில் கிடைத்தால் விடக் கூடாது."

சிரிக்காதீர்கள். தன்னைத் தானே பார்த்துத் தெரிந்துகொள்வது அவ்வளவு சுலபமில்லை. அதிலும் தாடி வேறு வைத்துவிட்டார்கள்.

பழைய குடை அந்த வேண்டுகோளை ஏற்றுக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை, ஒரு கட்டடத்தின் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து லிஃப்ட்காரர் புது அத்தியாயத்தைத் திறந்தார். உறைக்காரரின் நாற்பத்தேழாம் எண் புத்தகத்தில் கைகழுவிய தண்ணீர் சொட்டிவிடுகிறது. அவர் ஓடிப்போய் மனைவியின் தலைமுடி உலர்த்தும் டிரையரை எடுத்துவந்து பால்கனியில் மண்டியிட்டுப் புத்தகத்தை உலர்த்துகிறார். உலர்த்திக்கொண்டே புத்தகத்திடம் கேட்கிறார்: "சுடுதாடா? வலிக்குதா? இதோ ஆச்சு, இதோ ஆச்சு."

லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அதே நாற்பத்தேழு. அதே பால்கனி. அதே வார்த்தைகள். பதினைந்து நாளுக்கு முன்பு அவர் அதைச் செய்தபோது மனைவி மருந்துக் கடையில் இருந்தார். வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள், தன் அறையில், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு.

திரை வெள்ளையாகிவிட்டது. அவர் மூலையிலிருந்த பொத்தானைத் தட்டிப் பின்னூட்டங்களுக்குப் போனார். இருநூறு பேருக்கு மேல் சிரித்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, 'மூன்றாம் மாடி கேட்டுக்கொண்டபடி' என்று பழைய குடை எழுதி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கேட்டார்.

"அத்தைக்கு டிப்போல என்ன வேலை?"

"மூணு வருஷம் கழிச்சுக் கேக்குறீங்க. பஸ்ல தொலைச்ச சாமானெல்லாம் வாங்கி வைக்கிற கவுண்டர். ஏன்?"

"அத்தை படம் வரைவாங்களா?"

மனைவி அடுப்பைச் சின்னதாக்கினார். "தெரிஞ்சுபோச்சா?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் எபிசோடுலேருந்து எழுத்துப் பிழை பாத்துக் குடுக்குறதே நான்தான்."

லிஃப்ட்காரருக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் செய்தார். அன்றிலிருந்து மாமியார் அறைக் கதவைத் தட்டவில்லை. புத்தகம் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் வந்து, "காமிக்ஸ் எல்லாம் போதும்பா, கண்ணு வலிக்குது," என்றார். டயர் கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் டயரைப் பார்த்தேன்.

மகள் மூலம் விஷயம் மாமியாருக்கும் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் புது அத்தியாயம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

இதில் ஒரு சிக்கல். டிரையர் கதைக்கு முந்தைய வாரம் பழைய குடை ஒரு பெரிய புதிரைத் தொடங்கி வைத்திருந்தார். ரயிலில் யாரோ ஒரு சக்கர நாற்காலியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். குடையை மறக்கலாம், பையை மறக்கலாம். சக்கர நாற்காலியில் வந்தவர் அதை மறந்துவிட்டு எப்படி இறங்கிப் போனார்? வாசகர்கள் ஆளுக்கொரு ஊகம் எழுதிக் குவித்திருந்தார்கள். லிஃப்ட்காரர் பழைய அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். லிஃப்ட் கம்பிக்கு எண்ணெய் விடும்போதும் அதே யோசனை. தன்மானம் ஒரு பக்கம் இழுத்தது, நாற்காலி ஒரு பக்கம் இழுத்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமையும் ஒன்றும் வராமல் போகவே, சனிக்கிழமை காலை நாற்காலி ஜெயித்தது. கதவைத் தட்டினார்.

மாமியார் வழக்கம்போல எழுந்து வெளியே கிளம்பினார்.

"நீங்க போக வேண்டாம் அத்தை. உங்ககிட்டதான் பேசணும்."

மாமியார் அப்படியே நின்றுவிட்டார். மூன்று வாரமாக மனப்பாடம் செய்துவைத்திருந்ததை ஒப்பிக்க ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, மன்னிச்சுக்கோங்க. விளையாட்டா ஆரம்பிச்சது, உங்க மனசு நோகும்னு..."

"அதெல்லாம் அப்புறம். அந்தச் சக்கர நாற்காலிக்காரர் எப்படி எறங்கிப் போனார்?"

"எனக்கே தெரியாதுங்களே."

"தெரியாதா? வரையுறது நீங்கதானே!"

"அது நிஜமாவே வந்த நாற்காலிங்க. எங்க டிப்போவுக்கு வந்து நாப்பது நாளாச்சு. கவுண்டர் பக்கத்துலேயே நிக்குது. யாராவது வந்து கேட்டாத்தானே கதை தெரியும்?"

லிஃப்ட்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து மூன்று வருடமாயிற்று. "அப்போ நீங்க நிறுத்தினது என்னால இல்லையா?"

"உங்களாலயும்தான்," என்றார் மாமியார் உண்மையாக. "அந்த எபிசோடைக் கடைசி வரைக்கும் பாத்தீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"பாத்தேன். ஊரே சிரிச்சதையும் பாத்தேன்."

"வெள்ளைக்குக் கீழே?"

"வெள்ளைக்குக் கீழே என்ன இருக்கு? வெள்ளைதானே?"

மாமியார் போனை நீட்டினார். லிஃப்ட்காரர் தள்ளினார். வெள்ளை. இன்னும் தள்ளினார். தொப்பி வெள்ளையில் இறங்கியதைப் பார்த்திருந்தும், அன்றைய அதிர்ச்சியில் புத்தகக்காரர் புத்தி, தாள் வெறுமையானால் முடிந்தது என்று நினைக்கிற புத்தி, அவரை இங்கேயே நிறுத்தியிருந்தது. இப்போது விரல் இறங்க இறங்க, அடியில் கடைசிக் கட்டம் வந்தது. காய்ந்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உறைக்காரர் பால்கனியிலேயே தூங்கிவிட்டிருக்கிறார். பெரிய காதுக் குமாஸ்தா சத்தம் போடாமல் வந்து, கவுண்டரில் பொருள்களுக்குக் கட்டும் அட்டை ஒன்றை அவர் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போகிறார். அட்டையில் எழுதியிருக்கிறது: 'இந்த வீட்டில் எதையும் ஒப்படைக்கலாம். பத்திரமாக இருக்கும்.'

இரண்டு பெட்டியும் ஒரு மேசை விளக்கும் அறையின் மூலையில் இருந்தன. விளக்கின் மேல் தூசி படாமல் பிளாஸ்டிக் உறை ஒன்று போட்டிருந்தது. அதைப் போட்டது இவர்தான், அத்தை வந்த முதல் வாரத்தில்.

லிஃப்ட்காரர் மூக்கை உறிஞ்சினார். கிரீஸ் நெடி என்றார். பிறகு, "இந்தப் பலூன் மட்டும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

மாமியாரின் கண் பெரிதாயிற்று. "மூன்றாம் மாடி!"

இவருக்கு அசடு வழிந்தது.

"உறைக்காரரை இன்னும் வாரணும்னு எழுதினது நீங்களா? கையில கிடைச்சா விடக் கூடாதுன்னு?"

"நான் யாரையோன்னு நினைச்சேன் அத்தை."

மனைவி கையில் கரண்டியோடு ஓடிவந்தபோது, இருவரும் அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்களாம். மூன்று வருடத்தில் அந்த வீட்டில் தன் வழியாக இல்லாமல் நடந்த முதல் உரையாடல் அதுதான் என்றார் அவர்.

நான்கு நாள் கழித்து லிஃப்ட்காரர் கிளினிக் கட்டடத்து லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அத்தை. மாமியாரிடமிருந்து அதுவரை ஒரு அழைப்பும் வந்ததில்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி எடுத்தார்.

"மாப்பிள்ளை! நாற்காலிக்காரர் வந்துட்டாரு!"

"எப்படி வந்தாரு? நடந்தா?"

"நல்லா ஜம்முனு நடந்து வந்தாரு! அவருக்கு ஒண்ணும் இல்லீங்க. அவரு சம்சாரத்துக்குக் கால் உடைஞ்சு, ஆஸ்பத்திரியில குடுத்த நாற்காலி. கால் சரியானதும் திருப்பிக் குடுக்க பஸ்ல எடுத்துட்டுப் போயிருக்காரு. பஸ்ல உக்கார எடமில்ல, அதனால அந்த நாற்காலியிலேயே உக்காந்துக்கிட்டாரு. நடுவுல ஒரு சீட் காலியாச்சு. ஜன்னல் ஓரம்னு ஆசைப்பட்டு மாறி உக்காந்தவரு, அப்படியே எறங்கிப் போயிட்டாரு!"

"நாப்பது நாளா ஞாபகம் வரலையா?"

"எந்த பஸ்ஸுன்னு ஞாபகம் வரலையாம். ஊர்ல இருக்குற எல்லா டிப்போவிலயும் போய்த் தேடியிருக்காரு!"

கூண்டின் கூரையில் நின்று அவர் சிரித்த சிரிப்பு ஏழு மாடிக்கும் கேட்டதாகக் காவலாளி சொன்னார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அத்தியாயம் வந்தது.

அதற்குப் பிறகுதான் எங்களிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். நாங்கள் சும்மா விடுவோமா? டயர் கடைக்காரர், "மாமியார் வரைஞ்சதுன்னா நல்லாத்தான் இருக்கும், வேற என்ன சொல்ல முடியும் உன்னால?" என்று காலை வாரினார். போனைக் கையில் வாங்கவே மாட்டேன் என்று ஒரே பிடி. நானும் அவர் கட்சி. லிஃப்ட்காரர் கோபித்துக்கொண்டு போய், தொப்பி விழுகிற அத்தியாயத்தை ஜெராக்ஸ் கடையில் துண்டு துண்டாக அச்செடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய்போலச் சுருட்டிக்கொண்டு வந்தார். நீளம் பதினாலு அடி. நானே அளந்தேன்.

மேசை போதவில்லை. டயர் கடைக்காரர் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்ட, நான் மறுமுனையை விரிக்க, தொப்பி கீழே இறங்கத் தொடங்கியது. பறவை வரும்வரை டயர் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு தாளின் மேல் குனிந்துகொண்டார். "மெதுவா விடு, மெதுவா விடு," என்று என்னை அதட்டினார். வழுக்கைத் தலை வந்ததும் ரப்பர் அடுக்கு ஆடும்படி சிரித்தவர், "அடுத்த சுருள் எங்க?" என்று கையை நீட்டினார்.

"எழுபது சுருள் இருக்கு. ஒட்டிக் குடுக்க எனக்கு வயசு போதாது," என்றார் லிஃப்ட்காரர். "போனை எடு."

எடுத்தார். நானும் எடுத்தேன். எனக்கு இன்னும் மூக்குக் கண்ணாடி போட்டும் எழுத்து சின்னதாகத்தான் தெரிகிறது. வெயிலில் நின்றால் திரை கண்ணாடிபோலப் பளபளத்து என் முகத்தையே காட்டுகிறது. சார்ஜ் தீர்ந்தால் கதையும் தீர்ந்தது. இந்தக் குறைகள் எல்லாம் நிஜம், நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் தடுக்க ஆள் இல்லாத இடத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டோமே, அதற்கு மட்டும் பதில் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் தொலைந்த பல்செட்டுகளைப் பற்றி ஓர் ஐம்பத்தேழு வயதுப் பெண் வரைகிறேன் என்று போய் நின்றிருந்தால், எங்களுக்குத் தெரிந்த எந்தப் பத்திரிகை அலுவலகமும் நாற்காலிகூடப் போட்டிருக்காது. நாங்கள் அலமாரியில் அடுக்க முடிந்ததை மட்டும் காமிக்ஸ் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். எண்ணுவது தொழிலாக உள்ள எனக்கே இது பிடிபடாமல் போனதில் கொஞ்சம் வெட்கம்தான்.

போன மாதம் மாமியார் புதுக் கதை தொடங்கப்போவதாகச் சொன்னார். இந்த முறை லிஃப்ட்டைப் பற்றி. கேட்டதும் லிஃப்ட்காரர் லீவு போட்டுவிட்டு, கிளினிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். கடைசி மாடிக்கு மேலே இரும்பு ஏணிதான். முழங்கால் வலியோடு அத்தை ஏறினார். கீழே இவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். மேலே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்தார். அத்தை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பெரிய சக்கரம் சுற்றுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாப்பிள்ளை, மேல போறப்போ ஒரு மாதிரியும் கீழ வர்றப்போ ஒரு மாதிரியும் முனகுதே, ஏன்?"

இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. லிஃப்ட்காரர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அது பெரிய கதை அத்தை," என்றார். "முதல்ல எதிர்ப்பக்கம் தொங்குற எடைக்கல்லுலேருந்து ஆரம்பிக்கணும்."

அத்தை பென்சிலைச் சீவிக்கொண்டார்.